சுவரில் போட்ட கழித்தல்

முத்தியால்பேட்டை
27.6.2025

கவிநிலாவுக்கு,

நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமாகத்தான் இருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை, உங்கப்பனைப் பெற்ற இந்த ஆயாவை நடுவீட்டில் நிற்க வைத்து, "எனக்கு அந்த வேலை வேணாம் ஆயா, நான் பி.எட். படிச்சு டீச்சராவே இருந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு காலாப்பட்டு பஸ் ஏறிப் போனவளுக்கு என்ன குறை?

அன்றைக்கு அம்மன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து நான் சத்தியம் செய்ததை நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கப்பன் பார்த்தான். நீ டீச்சராக இருக்கிற வரைக்கும் உன்னோடு பேச மாட்டேன். உங்கப்பன் ராஜா தன் செல்லை என் காதில் வைத்து அமுக்கினாலும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் சத்தியம் வாய்க்குத்தான், கைக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பு வரைக்கும் போனேன், அதுவும் முழுசாக இல்லை. மீதியைப் பொட்டலம் கட்டி வந்த பேப்பரைப் படித்துப் படித்து நானே தேற்றிக்கொண்டேன். தப்பு இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்பு. அதைத்தானே பிழைப்பாக வைத்துக்கொள்ளப் போகிறாய்.

எதிர்வீட்டு செல்வகுமார் தினமும் யுனிவர்சிட்டிக்கு வேலைக்குப் போகிறவன். உன் பள்ளிக்கூடம் அவன் போகிற வழிதான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறையைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியிருக்கிறேன். பிரித்தான் என்றால் எனக்குத் தெரிந்துவிடும் என்று அவனிடமும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எல்.டி.சி. குமாஸ்தா வேலைக்கு ஜூலை 18 காலை பத்து மணிக்கு சர்ட்டிபிகேட் சரிபார்க்கிறார்கள். உன் ஒரிஜினல் அத்தனையும் என் டிரங்குப் பெட்டியில். சாவி என் இடுப்பில். நேற்று உங்கப்பன், "பூட்டை உடைச்சுடுவேம்மா" என்றான். "உடைடா, அதுக்கு முன்னாடி என் இடுப்ப உடை" என்றேன். ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உங்க தாத்தா சாமிக்கண்ணு செத்தபோது ஒரு காகிதத்துக்காக ஓர் ஆபீசுக்கு எட்டு நடை நடந்தேன். சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் பச்சைப் புடவை, மூக்குக்கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு. எட்டு தடவையும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு நினைத்தேன், நம் வீட்டு ஆள் ஒருத்தி அந்தச் சன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும், வருகிறவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று.

மே மாதம் லிஸ்டில் உன் பெயர் வந்ததும் தெருவுக்கே லட்டு கொடுத்தவள் நீதான். "இந்த ஸ்கூல் வேலை, ஆபீஸ் ஆர்டர் வர்ற வரைக்கும்தான் ஆயா" என்று சொன்னதும் நீதான். ஒரே மாதத்தில் என்ன ஆயிற்று?

டீச்சராக வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் எழுது. நிஜமான காரணம். பெட்டியைத் திறப்பதா வேண்டாமா என்று பிறகு பார்க்கிறேன்.

பாக்கியலட்சுமி


காலாப்பட்டு
30.6.2025

அன்புள்ள ஆயாவுக்கு,

உன் கடிதத்தை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் படித்தேன். உறை பிரிக்கப்படவில்லை. செல்வகுமார் அண்ணன், "எதுக்கும் ஆயாகிட்ட சொல்லிடும்மா, நான் தொடவேயில்லன்னு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

காரணம் கேட்டாய். ஆசிரியப் பணி ஓர் அறப்பணி ஆயா. ஒரு குழந்தையின் மனத்தில் ஏற்றப்படும் ஒளி ஒரு தலைமுறையையே மாற்றும். ஆபீசில் கோப்புகளோடு முப்பது ஆண்டுகள் கழிப்பதைவிட, வளரும் உள்ளங்களோடு வாழ்வது எனக்கு நிறைவைத் தரும். இந்த ஏழு மாதங்களில் அதை உணர்ந்தேன்.

பி.எட். சேர்க்கைக்கு ஜூலை 21 வரச் சொல்லியிருக்கிறார்கள். ஒரிஜினல் இல்லாமல் போனால் இடம் போய்விடும். அப்பாவிடம் கொடுத்தனுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன்னை ஒரு டீச்சர் பள்ளிக்கூடத்தைவிட்டுத் துரத்தியதை நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். "சந்திரகலா என் பேரை எடுத்துட்டா" என்று நூறு தடவை சொல்லியிருப்பாய். ஏன் எடுத்தார் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருக்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும். அறுபது வருஷத்துக்கு முந்தைய கோபத்தை என் தலையில் இறக்குவது நியாயமா?

அன்புடன்
கவிநிலா


முத்தியால்பேட்டை
3.7.2025

கவிநிலாவுக்கு,

ஒளி, உள்ளம், அறப்பணி. ஏழாம் வகுப்பில் பேச்சுப்போட்டிக்கு மனப்பாடம் செய்தாயே, அதே பேச்சு. அன்றைக்கு அதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள். இன்னும் அதில்தான் உங்கப்பன் டீ குடிக்கிறான். என்னிடம் இன்னொரு டம்ளர் இல்லை.

அவளுக்கும் காரணம் இருந்திருக்கும் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். சரி, கேள். இதுவரை யாருக்கும் முழுசாகச் சொன்னதில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பிரெஞ்சுக்காரன் போய் ஏழு வருஷம். எங்கப்பா மில்லில் தறி ஓட்டினார். பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதும். முத்தியால்பேட்டைப் பிள்ளைகள் பாதிப் பேர் அந்தச் சங்கைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடித் தூக்குச் சட்டியில் சோற்றை வாங்கிக்கொண்டு மில் கேட்டுக்குப் போவோம். அப்பாக்காரர்கள் கேட்டுக்கு உள்ளே, நாங்கள் வெளியே. சாப்பிட்டு முடித்துக் கழுவின தூக்கைத் திருப்பிக் கொடுத்தால்தான் நகர முடியும். மத்தியானப் பள்ளிக்கூடம் ஒரு மணிக்கு. எவ்வளவு ஓடினாலும் எனக்கு ஒன்றே கால் ஆகும்.

சந்திரகலா டீச்சர் புதுசாக வந்தவள். இருபது வயதுதான் இருக்கும். வெள்ளைப் புடவையில் ஊதாக் கரை. "நேரம் தவறினவளுக்கு இங்க இடமில்ல" என்று முதல் நாளே வெளியே நிறுத்தினாள். ஏன் லேட் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறுநாளும் நிறுத்தினாள். வகுப்புக்கு வெளியே ஒரு சன்னல். அதற்குக் கீழே தூக்கை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ஆடி மாதம் தொடங்கி மார்கழி வரைக்கும் மத்தியானப் பாடம் எல்லாம் அந்தச் சன்னல் வழியாகத்தான் படித்தேன். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் அங்கேதான் வந்தது.

மார்கழியில் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டு, கையில் தொப்பி. பதினாறேழு எவ்வளவு என்று கேட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. நான் வெளியே நின்று, "நூத்திப் பன்னெண்டு" என்றேன்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, என் முகத்துக்கு நேரே சன்னல் கதவைச் சாத்தினாள். கம்பியைப் பிடித்திருந்த விரலை நான் எடுக்கக்கூட இல்லை. இடது கை மோதிர விரல் நகம் கோணலாக வளர்கிறதே, நீ சின்னப் பிள்ளையில் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாயே, அது இதுதான்.

மறுநாள் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோகாமல் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தேன். பேர் கூப்பிட்டாள். பரிமளா, பவுனம்மா, அதற்கப்புறம் நான் வர வேண்டும். என்னைத் தாண்டி மங்கையர்க்கரசி என்றாள். பேரை எடுத்துவிட்டாள். எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு எங்கப்பா பட்டினி.

இதுதான் அவளுடைய காரணம். இப்போது உன் காரணத்தை எழுது.

பாக்கியலட்சுமி


காலாப்பட்டு
6.7.2025

ஆயா,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். நீ அந்தக் கதையைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒளி, உள்ளம் என்றே இன்னும் இரண்டு கடிதம் எழுதியிருப்பேன். இனி முடியாது.

என் மூன்றாம் வகுப்பில் கலைவாணி என்று ஒரு பெண். எட்டு வயது. குப்பத்திலிருந்து வருகிறவள். பள்ளி திறந்த ஜூன் 2 அன்று இருபது நிமிடம் தாமதமாக வந்தாள். மறுநாளும் அப்படியே. தாமதமாக வருகிறவர்கள் முதல் பீரியட் முடியும்வரை வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது ஹெட்மாஸ்டர் ஹரிகிருஷ்ணன் சார் போட்ட விதி. விதி அவருடையது, நிறுத்தியது நான். பதினோரு நாள் நிறுத்தினேன். ஏன் லேட் என்று நான் கேட்கவில்லை, ஆயா. கேட்கத் தோன்றவே இல்லை. எல்.டி.சி. ஆர்டர் எப்போது வரும் என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 17-லிருந்து அவள் வரவில்லை. 19-ஆம் தேதி சாக்பீஸ் எடுக்க வெளியே வந்தபோதுதான் சுவரைப் பார்த்தேன். வராந்தாச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், பென்சிலால் கணக்குகள். நான் உள்ளே கரும்பலகையில் போட்ட கழித்தல் எல்லாம் வரிசையாக வெளியே. 52-இல் 27 போனால் 25. 81-இல் 46 போனால் 35. பதினெட்டுக் கணக்கு இருந்தது. பதினேழும் சரி. கடைசிக் கணக்கு 403-இல் 168. அதற்கு விடை இல்லை. ஜூன் 16 அன்று நடத்தியது அது. அன்றைக்கு ரோட்டில் பஸ் சத்தம் அதிகமாக இருக்கிறது என்று பாதியில் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாள் கழித்து உன் முன்னால் வந்து அந்த வேலை வேண்டாம் என்றேன். அதுதான் காரணம். நான் கெட்டிக்கார டீச்சர் என்பதற்காக இல்லை. அந்த விடை இல்லாத கணக்கை அப்படியே விட்டுவிட்டு ஆபீசில் போய் உட்கார முடியாது என்பதற்காக.

இன்னும் ஒன்று இருக்கிறது. பத்து நாள் தொடர்ந்து வராவிட்டால் பெயரை நீக்க வேண்டும் என்றார் சார். ஜூன் 30 பத்தாவது நாள். அன்று சாயங்காலம் உனக்கு ஒளி பற்றிக் கடிதம் எழுதினேன். அன்று காலையில் கலைவாணி பெயரின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்.

கவிநிலா


முத்தியால்பேட்டை
8.7.2025

கவிநிலா,

பெட்டிக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டுவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று சாப்பிடவில்லை. உங்கம்மா சுமலதா, "இன்னா அத்த, உடம்பு சரியில்லையா?" என்றாள். "என் வயித்துப் பேத்தி சந்திரகலாவா வந்து பொறந்திருக்கா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவும் வேண்டாம்.

ஜூன் 19 சுவரைப் பார்த்தாய். இன்றைக்கு ஜூலை 8. குப்பம் உன் பள்ளிக்கூடத்திலிருந்து எவ்வளவு தூரம்? செல்வகுமாரிடம் கேட்டேன். "பத்து நிமிஷ நடை ஆயா" என்றான். பத்து நிமிஷத்தை இருபது நாளாக நடக்க முடியாதவள், இரண்டு வருஷம் பி.எட். படித்து எதைக் கிழிக்கப் போகிறாய்? குற்ற உணர்ச்சிக்கு மருந்தாக முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளைத் தின்னப் போகிறாயா? அதற்கு ஆபீசிலேயே போய் உட்கார். அங்கே நீ முகத்தைப் பார்க்காவிட்டாலும் யார் விரலும் நசுங்காது.

சந்திரகலா என் வீட்டுக்கு வரவேயில்லை. எங்கம்மா ஒரு வருஷம் வரைக்கும் வாசலைப் பார்த்தாள். டீச்சரம்மா வந்து கூப்பிட்டால் அனுப்பலாம் என்று. நான் மில்லுக்கு நூல் கோன் சுற்றப் போன அன்றைக்குத்தான் பார்ப்பதை நிறுத்தினாள்.

போ. போய் அந்தப் பெண் வீட்டு வாசலில் நில். அவள் அம்மா கேட்கிறதையெல்லாம் கேட்டுக்கொள். அதற்கப்புறம் எழுது. அதுவரை எழுதாதே. 18-ஆம் தேதிக்கு இன்னும் பத்து நாள்தான்.

பா.


காலாப்பட்டு
13.7.2025

ஆயா,

ஒன்பதாம் தேதி பள்ளி விட்டதும் போனேன்.

கலைவாணியின் அம்மா செந்தமிழ்ச்செல்வி மீன் விற்கிறவர். வாசலில் உட்கார்ந்து அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் நிமிரவில்லை. "ஓ, அந்த நிக்க வைக்கிற டீச்சரா? எங்க நிக்கணும், இங்கியா? நில்லு" என்றார். நின்றேன். கூடையை முழுசாகக் கழுவி, அந்தத் தண்ணீரை என் செருப்புப் பக்கம் ஊற்றி, கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். உன் ஞாபகம் வந்தது.

"காலைல அஞ்சு மணிக்கு நான் மார்க்கெட்டு பஸ் புடிக்கணும். தம்பிய யாரு பாக்கிறது? பால்வாடி தொறக்கிறதே ஒம்பதுக்கு. அவன அங்க உட்டுட்டுத்தான் இவ ஓடியாறா. இது ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியாது. ஒரு வார்த்த கேட்டியாம்மா நீ?"

"கேக்கலக்கா. தப்புதான்" என்றேன்.

"தப்புன்னு சொல்லிட்டா கால்வலி போயிடுமா? வாரம் பூரா காலப் புடிச்சு உட்டவ நானு."

கலைவாணி கதவுக்குப் பின்னாலேயே இருந்தாள். தம்பி இடுப்பில். நான் திரும்பிப் போகும்போதுதான் குரல் கேட்டது.

"டீச்சர், அந்த நானூத்தி மூணு கணக்கு."

"ஆமா?"

"நடுவுல சைபர் இருக்குதே. அதுகிட்டயே ஒண்ணும் இல்ல. அதுகிட்டப் போய் எப்பிடிக் கடன் கேக்கிறது?"

இருபத்து மூன்று நாளாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள், ஆயா. வாசல் மணலில் உட்கார்ந்து விரலால் போட்டுக் காட்டினேன். சைபர் முதலில் பக்கத்து வீட்டு நாலிடம் வாங்கிக்கொள்ளும், அதற்கப்புறம்தான் மூன்றுக்குக் கொடுக்கும் என்றேன். "அப்ப இருநூத்தி முப்பத்தஞ்சு" என்றாள். அவள் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். போகும்போது, "நாளைக்கு அனுப்பறேன். வெளிய நிக்கறத ஒரு ஆளு பாத்து எங்கிட்ட சொன்னா, மீன் வெட்டற கத்தியோட வருவேன்" என்றார்.

பத்தாம் தேதி காலை ஹரிகிருஷ்ணன் சாரிடம் போய்ச் சொன்னேன். பெயரைத் திரும்பச் சேர்க்க ஒப்புக்கொண்டார். விதியை மாற்ற ஒப்புக்கொள்ளவில்லை. "முதல் பீரியட் முடியற வரைக்கும் லேட்டா வர்ற யாரும் கிளாசுக்குள்ள வரக் கூடாது. ஒருத்திக்கு உட்டா ஊருக்கே உடணும்" என்றார்.

அதனால் என் வகுப்பு முழுவதையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முப்பத்தொரு பேரும் வராந்தாவில். கரும்பலகைக்குப் பதில் சுவர். ஒன்பது இருபதுக்குக் கலைவாணி ஓடி வந்தாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் போய் நின்றாள். அங்கே ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் புரியாமல் பார்த்துவிட்டு அவளும் உட்கார்ந்தாள். வெளியே நிற்க ஒருத்தரும் இல்லை, ஆயா.

வெள்ளிக்கிழமையும் அப்படியே செய்தேன். சாயங்காலம் மெமோ கொடுத்தார். ஒரு வாரத்தில் விளக்கம் எழுத வேண்டும். வேலை போனாலும் போகலாம். ஆனால் பி.எட். வேண்டும். குற்ற உணர்ச்சிக்கு மருந்தா என்று கேட்டாய். போன மாதம் அப்படித்தான் இருந்தது. மணலில் உட்கார்ந்தபோது அப்படி இல்லை. சைபரிடம் எப்படிக் கடன் கேட்பது என்று அவள் கேட்ட மாதிரி என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. அடுத்த கேள்விக்கு நான் அங்கே இருக்க வேண்டும். இதற்கு மேல் என்னிடம் காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை 18. நீ பெட்டியைத் திறக்காவிட்டால் இரண்டும் போய்விடும். உன் இஷ்டம்.

கவிநிலா


முத்தியால்பேட்டை
16.7.2025

கவிநிலாவுக்கு,

மீன் கழுவின தண்ணீரைச் செருப்புப் பக்கம் ஊற்றினாளா? நானாக இருந்தால் செருப்பிலேயே ஊற்றியிருப்பேன். அவளைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது.

நீ எழுதினதை அப்படியே நம்ப மாட்டேன். கடிதத்தில் யாரும் எதையும் எழுதலாம். நீ எனக்கு ஒளி எழுதினவள். அதனால் நானே வருகிறேன்.

வெள்ளிக்கிழமை. ஆம், 18-ஆம் தேதியேதான். செல்வகுமார் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறான். உன் ஒரிஜினல் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக் கையில் கொண்டுவருகிறேன். ஒன்பது மணிக்கு அங்கே இருப்பேன். ஒன்பது இருபதுக்கு அந்தப் பெண் வந்து மற்ற பிள்ளைகளோடு உட்காருவதை என் கண்ணால் பார்த்தால் பை உன் கையில். எல்.டி.சி. அன்றோடு போகட்டும். அவள் தனியாக எங்கேயாவது நிற்பதைப் பார்த்தேனென்றால், அதே ஸ்கூட்டரில் உன்னை நடுவில் உட்கார வைத்துப் பத்து மணிக்கு ஆபீசில் இறக்கிவிடுவேன். மூன்று பேர் போனால் போலீஸ் பிடிக்கும் என்கிறான். பிடிக்கட்டும்.

அந்த ஹெட்மாஸ்டரிடம் நான் பேச வேண்டாம் என்று நினைத்தால் அவரை அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள். சத்தியம் உன்னிடம் பேசுவதற்குத்தான், அவரிடம் இல்லை.

பை கைக்கு வந்தாலும், நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைக்காதே. உன்னிடம் இன்னும் பேச்சில்லை. கற்பூரம் அடித்தது அடித்ததுதான். அதை எடுக்க வேண்டுமானால் அம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்து, தப்புக்கு அபராதம் கட்டி, அவள் விட்டால்தான் உண்டு. ஆடியில் ஐந்து வெள்ளி இருக்கிறது. யோசிக்கிறேன். சந்திரகலாவை மன்னித்துவிட்டேன் என்றும் நினைக்காதே. அவள் இருக்கிறாளோ இல்லையோ, அவள் கணக்கு அப்படியேதான் நிற்கிறது. உன் கணக்கு வேறு.

எனக்கு நாற்காலி போடாதே. வராந்தாவில் ஓரமாக நின்றுகொள்வேன். எனக்கு அது பழக்கம்தான்.

ஒரே ஒரு வேலை செய். நீ எப்போதும் ஒன்பதுக்குப் பேர் கூப்பிடுவாயாமே. அன்றைக்கு ஒன்பது இருபதுக்குக் கூப்பிடு. அந்தப் பெண் உட்கார்ந்ததும். எல்லாப் பேரையும், ஒருத்தரையும் தாண்டாமல், எனக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாக.

அந்தப் பட்டியலின் கடைசியில் என் பேரையும் சேர்த்துக் கூப்பிடலாம் என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும். செய்துவிடாதே. நான் பாட்டுக்கு அத்தனை பிள்ளைகள் முன்னால், "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லித் தொலைத்துவிடுவேன். சத்தியம் உடைந்துபோகும்.

பாக்கியலட்சுமி